கணினிக் கேள்வி பதில்: லினக்ஸில் பென் டிரைவ்

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போடுவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பென் டிரைவைப் பற்றியே கேட்கின்றன. பாலிடெக்னிக் லேபில் பல வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. விண்டோஸ் பழகியவர்கள் முதலில் திணறுவது இந்த இடத்தில்தான். அதனால் இந்த இதழ் முழுக்க பென் டிரைவுக்கே.

ஆணைகளை எழுத்தெழுத்தாகப் புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆணைகளை எழுதும் திரையான டெர்மினலில் தட்டும்போது புள்ளியை விட்டுவிட்டு, ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்துத் தட்டுங்கள்.

கே: என் மகன் ஊருக்கு வந்தபோது என் கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். பென் டிரைவைச் செருகினால் இ டிரைவ், எஃப் டிரைவ் என்று எதுவும் வரவில்லை. என் கட்டுரைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எங்கே போய்த் தேடுவது, மேடம்?
– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், மன்னார்குடி

ஐயா, கட்டுரைகள் பத்திரமாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம். லினக்ஸில் டிரைவுக்கு எழுத்து வைக்கும் வழக்கம் கிடையாது. கணினி முழுக்க ஒரே கோப்புறை அமைப்புதான். புதிதாகச் செருகும் டிரைவும் அதற்குள் ஒரு கோப்புறையாக வந்து சேர்ந்துகொள்ளும். இதைத்தான் மவுன்ட் ஆவது என்கிறார்கள். லினக்ஸின் வகைகளான மின்ட், உபுண்டு, டெபியன் மூன்றிலும் மீடியா என்ற கோப்புறைக்குள் உங்கள் பயனர் பெயர், அதற்குள் பென் டிரைவின் பெயர் என்று இருக்கும். ஆனால் நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஃபைல் மேனேஜரைத் திறந்தால் இடது பக்கப் பட்டியலிலேயே தெரியும்.

உங்கள் டிரைவுக்குப் பெயர் வைக்காமல் விட்டிருந்தால், எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு மீடியா கோப்புறையில் அந்த இடத்தில் நிற்கும். அதைப் பார்த்து வேறு ஏதோ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். டிஸ்க்ஸ் என்ற செயலியில் டிரைவுக்கு ஒரு சின்னப் பெயர் கொடுத்துவிடுங்கள். ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் 11 எழுத்துக்கு மேல் ஏற்காது.

பட்டியலிலும் இல்லை என்றால் டெர்மினலில் எல்.எஸ்.பி.எல்.கே. என்று தட்டுங்கள். கணினியோடு இணைந்திருக்கும் எல்லா டிரைவும் வரிசையாக வரும். யூஎஸ்பி டிரைவுகளை லினக்ஸ் ஸ்கசி என்ற பழைய இணைப்பு முறை வட்டுகளாக நடத்துவதால் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் எஸ்டிஏ என்றும், பென் டிரைவ் எஸ்டிபி என்றும் வரும். உள்ளே இருப்பது என்விஎம்இ வகை எஸ்எஸ்டி என்றால் பென் டிரைவே எஸ்டிஏ ஆகிவிடும். எனவே பெயரை மட்டும் நம்ப வேண்டாம், அளவையும் பாருங்கள். ஆர்எம் என்ற பத்தியில் 1 என்று இருந்தால் அது கழற்றக்கூடிய டிரைவ். 32 ஜிபி டிரைவ் 29 சொச்சம் என்று காட்டும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. கம்பெனி ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறது. இந்த ஆணை 107 கோடிக்கும் சற்று அதிகமாக, இரண்டின் அடுக்கில் கணக்கிடுகிறது.

கே: கல்யாண வீடியோ எடிட் செய்து பென் டிரைவில் கொடுக்கிறேன். உபுண்டுவில் 3 ஜிபி ஃபைல் சில நொடிகளில் காப்பி ஆகிவிட்டதாகப் பட்டை காட்டுகிறது. கழற்றிக் கொடுத்தால் வீட்டில் ஓடவில்லை என்று போன் வருகிறது. 5 ஜிபி ஃபைல் காப்பியே ஆக மாட்டேன் என்கிறது. பென் டிரைவ் மட்டமா, லினக்ஸ் மட்டமா?
– ஸ்டுடியோ உரிமையாளர், திருநெல்வேலி

இரண்டும் இல்லை. பட்டை முடிந்ததும் எழுதி முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல்.

நீங்கள் காப்பி செய்வதை லினக்ஸ் முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொள்ளும். அப்புறம் பின்னணியில் டிரைவுக்கு எழுதும். தபால் பெட்டியில் போட்ட கடிதம் வீடு சேர்ந்துவிட்டதாக ஆகாது, அது மாதிரிதான். எழுதப்படாமல் காத்திருக்கும் தரவு, கைவசம் உள்ள நினைவகத்தில் 20 விழுக்காடு வரை சேரலாம். இது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் இயல்பான அமைப்பு. உங்கள் எடிட்டிங் கணினியில் 16 ஜிபி ரேம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 3 ஜிபி காத்திருக்கலாம். மலிவான பென் டிரைவ் நொடிக்கு 10 எம்பி எழுதினால் அதற்கே 5 நிமிடம் வேண்டும். நீங்களோ பட்டை முடிந்த அடுத்த நொடியில் பிடுங்கியிருக்கிறீர்கள்.

வீடியோவுக்கு இது இன்னும் கொடுமை. எம்பி4 ஃபைல்களில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் ஃபைலின் கடைசியில் இருக்கும். கடைசித் துண்டு எழுதப்படாமல் போனால், முன்னால் இருக்கும் மூன்று மணி நேரக் கல்யாணமும் ஓடாது. ஒரு குடும்பத்துக்கு அந்தக் காட்சிகள் மறுபடி கிடைக்கப் போவதில்லை. அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: காப்பி முடிந்ததும் டெர்மினலில் எஸ்.ஒய்.என்.சி. என்று தட்டி என்டர் கொடுங்கள். அந்த ஆணை முடிந்து அடுத்த வரி வரும்வரை கை வைக்காதீர்கள். பிறகு ஃபைல் மேனேஜரில் டிரைவின் பக்கத்தில் இருக்கும் எஜெக்ட் குறியை அழுத்திவிட்டுக் கழற்றுங்கள். எஜெக்டும் மிச்சத்தை எழுதி முடித்த பிறகுதான் விடும். அது நேரம் எடுத்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பொறுங்கள்.

வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். டிரைவை எஜெக்ட் செய்து, கழற்றி, மறுபடி செருகுங்கள். எஸ்.எச்.ஏ.256.எஸ்.யு.எம். என்ற ஆணையை உங்கள் கணினியில் உள்ள ஃபைலுக்கும் டிரைவில் உள்ள ஃபைலுக்கும் ஓட்டுங்கள். இரண்டு நீள எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரு பைட் கூடப் பிசகவில்லை. கழற்றிச் செருகாமல் ஓட்டினால் ரேமில் இருக்கும் நகலையே படித்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடும்.

எஜெக்ட் அழுத்தினால் டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், எங்கோ ஒரு பிளேயரோ டெர்மினலோ அந்தக் கோப்புறைக்குள் நிற்கிறது. எல்.எஸ்.ஓ.எஃப். என்று தட்டி, ஒரு இடம் விட்டு டிரைவின் கோப்புறைப் பாதையைக் கொடுத்தால் எது என்று காட்டிவிடும். அதை மூடிவிட்டு மறுபடி அழுத்துங்கள். எப்போதும் நேரடியாக எழுதும்படி டிரைவை மவுன்ட் செய்ய ஒரு வழி உண்டு, சிலர் அதைப் பரிந்துரைப்பார்கள். பென் டிரைவுக்கு அது வேண்டாம். வேகம் படுத்துவிடும். எழுதும் தடவைகள் கூடுவதால் டிரைவின் ஆயுளும் குறையும்.

5 ஜிபி விஷயம் தனி. உங்கள் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது, ஒரு பைட் குறைவாகத்தான் இருக்க வேண்டும். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் 2019இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸ் கர்னலிலேயே அது சேர்ந்துவிட்டது. 2020இல் வந்த 5.7 கர்னல் முதல் சாம்சங் எழுதிக் கொடுத்த நல்ல டிரைவர் மென்பொருள் இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய டிவிகள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. என்ன டிவி என்று கேட்டுவிட்டு, பழையது என்றால் ஃபேட்32இல் வீடியோவை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

கே: எங்கள் பள்ளி லேபில் எல்லாக் கணினியிலும் லினக்ஸ்தான். 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க்கை எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்தேன். என் கணினியில் எழுத முடிகிறது. மற்றவற்றில் அனுமதி மறுக்கப்பட்டது என்று வருகிறது. லேப் சர்வரில் இதை நிரந்தரமாகவே இணைத்துவிடலாமா?
– கணினி ஆசிரியை, தென்காசி

லினக்ஸின் சொந்த முறையான எக்ஸ்ட்4 ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளர் யார் என்று பதிந்து வைக்கும். பெயராக இல்லை, எண்ணாக. டெபியன், உபுண்டு வகைகளில் முதல் பயனருக்கு 1000 என்ற எண், அடுத்தவருக்கு 1001. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததால் அதிலும் இப்படித்தான். உங்கள் கணினியில் நீங்கள் 1000. மற்றக் கணினியில் மாணவர் லாகின் 1001 ஆக இருந்தால், அந்த ஃபைல்கள் அவருக்கு அந்நியருடையவை. அதனால்தான் மறுக்கிறது.

கணினிக்குக் கணினி எடுத்துப் போகும் டிஸ்க் என்றால் எக்ஸ்ஃபேட் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உரிமையாளர் என்ற பதிவே கிடையாது. யார் செருகுகிறாரோ அவருக்கே உரிமை.

சர்வரிலேயே இருக்கப் போகிறது என்றால் எக்ஸ்ட்4தான் நல்லது, அதை மாற்ற வேண்டாம். மின்சாரம் போய் வரும் லேபில் ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேடு வைத்திருக்கும் எக்ஸ்ட்4 சீக்கிரம் தேறிக்கொள்ளும். ஃபேட் வகைகளுக்கு அந்த வசதி இல்லை. டிஸ்க் எங்கே மவுன்ட் ஆக வேண்டுமோ அந்தக் கோப்புறையை உருவாக்கி, ஈடிசி கோப்புறையில் இருக்கும் எஃப்எஸ்டேப் என்ற ஃபைலில் ஒரு வரி சேருங்கள். அந்த வரியில் ஆறு இடங்கள். முதலில் டிஸ்க்கின் தனி அடையாளக் குறியீடான யூயூஐடி. இதை எல்.எஸ்.பி.எல்.கே. ஆணைக்குப் பின் இடம் விட்டு ஹைஃபன் எஃப் சேர்த்தால் காட்டும். எஸ்டிபி1 என்று எழுதாதீர்கள். நாளைக்கு யாராவது ஒரு பென் டிரைவோடு கணினியை எழுப்பினால் அந்தப் பெயர் மாறிவிடும், யூயூஐடி மாறாது. இரண்டாவது, நீங்கள் உருவாக்கிய கோப்புறை. மூன்றாவது, எக்ஸ்ட்4. நான்காவது, டிஃபால்ட்ஸ் என்று எழுதி, காற்புள்ளி போட்டு, நோஃபெயில். ஐந்தாவதில் 0, ஆறாவதில் 2.

அந்த நோஃபெயிலை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், டிஸ்க் செருகப்படாத ஒரு காலையில் கணினி 90 நொடி காத்திருந்துவிட்டு, அவசர நிலைக் கறுப்புத் திரையில் போய் நின்றுவிடும். செய்முறைத் தேர்வு நாளில் ஒரு லேப் இப்படி நின்றதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் வெளியே வராண்டாவில் காத்துக்கொண்டிருந்தார்கள். டிஸ்க் பீரோவுக்குள் இருந்தது.

வரியைச் சேர்த்ததும் கணினியை மறுபடி தொடங்கிப் பார்க்க வேண்டாம். அதற்கு முன் எஸ்.யு.டி.ஓ. (சூடோ, நிர்வாகி உரிமையோடு ஓட்டுவதற்கு), எம்.ஓ.யு.என்.டி. (மவுன்ட்), ஹைஃபன் ஏ என்று இடம் விட்டுத் தட்டி ஓட்டுங்கள். பிழை இருந்தால் அங்கேயே சொல்லிவிடும், திருத்திக்கொள்ளலாம். பிறகு மாணவர் லாகினுக்கு அந்தக் கோப்புறையைச் சி.எச்.ஓ.டபிள்யூ.என். ஆணையால் உரிமையாக்கிவிட்டால் முடிந்தது.

கே: பழைய சிறுபத்திரிகைகளை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கும் குழுவில் இருக்கிறேன். தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாவற்றையும் தமிழிலேயே ஃபைல் பெயராக வைக்கிறோம். விண்டோஸ் கணினியில் இருந்து பென் டிரைவில் வருபவை சில, லினக்ஸில் காப்பி ஆகாமல் பெயர் மிக நீளம் என்கின்றன. விண்டோஸில் பிரச்சினை இல்லையே?
– நூலகத் தன்னார்வலர், யாழ்ப்பாணம்

நீங்கள் செய்வது மிகவும் தேவையான வேலை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன்.

விண்டோஸும் பென் டிரைவின் எக்ஸ்ஃபேட், ஃபேட்32 முறைகளும் பெயரின் நீளத்தைக் குறியீடுகளாக எண்ணுகின்றன. 255 வரை இடம் உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4 பைட்டுகளாக எண்ணுகிறது. அதிலும் 255தான். ஆனால் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். யாழ்ப்பாணம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கோ கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு என்பதால் 11 குறியீடு, அதாவது 33 பைட். ஆக, பிடிஎஃப் என்ற பின்னொட்டுக்கும் அதன் புள்ளிக்கும் 4 பைட் போனால், லினக்ஸில் ஒரு தமிழ்ப் பெயருக்கு 83 குறியீடுதான் கிடைக்கும். தமிழ் எழுத்தாகப் பார்த்தால் 45, 50 அளவிலேயே எல்லை வந்துவிடும். ஆங்கிலப் பெயர் வைப்பவர்கள் இந்தச் சுவரில் முட்டுவதே அபூர்வம். அதனால் இதைப் பற்றி எழுதி வைப்பவர்களும் குறைவு.

ஜிப் செய்து கொண்டுவந்தாலும் பயனில்லை, பிரிக்கும்போது அதே பிழை வரும். பெயரை விண்டோஸ் கணினியிலேயே சுருக்கிவிடுங்கள். பத்திரிகைப் பெயர், ஆண்டு, மாதம் மட்டும் போதும். கட்டுரைத் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஒரு விரிதாளில் வரிசையாகப் பதிந்து அதே கோப்புறையில் வையுங்கள். பிடிஎஃப்புக்குள்ளேயும் தலைப்பு, ஆசிரியர் எழுதும் இடம் உண்டு, அங்கும் தமிழில் தாராளமாக எழுதலாம். தமிழ்ப் பெயரை விட்டு ஆங்கிலத்துக்கு மாற வேண்டிய அவசியம் இல்லவே இல்லை. சுருக்கினால் போதும்.

கே: மேடம், 32 ஜிபி பென் டிரைவில் உபுண்டு ஐஎஸ்ஓவை எழுதினேன். நிறுவி முடித்துவிட்டேன். இப்போது அதை விண்டோஸில் போட்டால் சில எம்பி மட்டும் காட்டுகிறது. டிரைவ் செத்துவிட்டதா?
– டிப்ளமோ மாணவர், ஓசூர்

இல்லை தம்பி. ஐஎஸ்ஓ என்ற நிறுவல் ஃபைல் தன் சொந்தப் பார்ட்டிஷன் (வட்டுப் பிரிவு) அமைப்போடு வந்து டிரைவின் தலைப்பகுதியில் உட்கார்ந்துவிட்டது. விண்டோஸுக்கு அதில் ஒரு சின்னத் துண்டுதான் புரிகிறது. பழைய அமைப்பை அழித்துவிட்டுப் புதிதாக ஃபார்மட் செய்தால் 32 ஜிபியும் திரும்பி வரும்.

எளிய வழி, டிஸ்க்ஸ் செயலியில் இடது பக்கம் பென் டிரைவைத் தேர்ந்து, மேலே உள்ள மெனுவில் ஃபார்மட் டிஸ்க் கொடுப்பது. எம்பிஆர் என்ற பார்ட்டிஷன் அட்டவணை வகையைத் தேர்ந்துகொள், பழைய கருவிகளும் படிக்கும். பிறகு காலி இடத்தில் ஒரு பார்ட்டிஷன் உருவாக்கி எக்ஸ்ஃபேட் கொடு. டெர்மினலில் செய்ய ஆசை இருந்தால், சூடோவோடு டபிள்யூ.ஐ.பி.இ.எஃப்.எஸ். ஆணையை ஹைஃபன் ஏ சேர்த்து முழு டிரைவின் மேல் ஓட்ட வேண்டும். கடைசியில் எண் போடக் கூடாது.

ஆனால் என்டர் அழுத்துவதற்கு முன் எல்.எஸ்.பி.எல்.கே. ஓட்டிப் பார். டிரைவைக் கழற்றிவிட்டு ஒருமுறை, செருகிவிட்டு ஒருமுறை. புதிதாக முளைத்த பெயர்தான் உன் பென் டிரைவ். டிரைவில் நேரடியாக எழுதும் டிடி, இந்த வைப்எஃப்எஸ் மாதிரி ஆணைகள் நிச்சயமா என்று கேட்காது. ஒரு எழுத்து மாறினால் புராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கும் உன் ஹார்ட் டிஸ்க் போய்விடும். என் லேபில் மாணவர்களை இரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் தட்டியதை மற்றவர் வாய்விட்டுப் படித்த பிறகுதான் என்டர் அழுத்த விடுவேன். விடுதியில் அறைத்தோழன் இருந்தால் நீயும் அப்படியே செய்.

கே: ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வந்தால் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கின்றன. லினக்ஸில் சரி செய்யலாமா?
– போட்டித் தேர்வு எழுதுபவர், விழுப்புரம்

தாராளமாக. அந்த வைரஸ் உங்கள் கோப்புறைகளுக்கு மறைக்கப்பட்டது என்ற அடையாளத்தைப் போட்டுவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கிறது. லினக்ஸ் அந்த அடையாளத்தைப் பொருட்படுத்தாது. டிரைவைச் செருகினால் உங்கள் கோப்புறைகள் அப்படியே தெரியும், வைரஸும் அங்கே ஓடாது. வேண்டியதை மட்டும் உங்கள் கணினிக்குக் காப்பி செய்யுங்கள். எல்என்கே என்று முடிபவை, இஎக்ஸ்இ, விபிஎஸ், ஆட்டோரன் எதையும் தொட வேண்டாம். டிரைவை ஃபார்மட் செய்துவிட்டுத் திரும்பக் காப்பி செய்தால் மறைப்பு அடையாளமும் போய்விடும். இனிப் பிரின்ட் எடுக்கப் போகும்போது அந்த ஒரு பிடிஎஃப் மட்டும் உள்ள தனி டிரைவாக எடுத்துப் போங்கள். குறிப்பேடுகள் முழுவதையும் கடைக் கணினியில் செருகாதீர்கள்.

கே: ஆன்லைனில் 2 டிபி பென் டிரைவ் சில நூறு ரூபாய்க்கு வாங்கினேன். லினக்ஸிலும் 2 டிபி என்றே காட்டுகிறது. ஆனால் பழைய போட்டோக்கள் திறக்க மறுக்கின்றன.
– இல்லத்தரசி, சேலம்

அம்மா, அது போலி. உள்ளே இருப்பது சின்னச் சிப். அளவு மட்டும் பொய்யாகச் சொல்லும்படி அதன் கன்ட்ரோலரை மாற்றி வைத்திருக்கிறார்கள். இடம் தீர்ந்ததும் புதியது பழையதன் மேல் எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமல் போகும். கணினி டிரைவ் சொல்வதை நம்பித்தான் அளவைக் காட்டுகிறது.

முதலில், திறக்கிற போட்டோக்களை உடனே வேறு இடத்துக்குக் காப்பி செய்துவிடுங்கள். செல்போனில் அவற்றின் அசல் இன்னும் இருந்தால் அழிக்காதீர்கள். அதன் பிறகு எஃப்3 என்ற சிறு நிரலை உங்கள் லினக்ஸின் சாஃப்ட்வேர் மேனேஜரில் இருந்து நிறுவுங்கள். டிரைவில் உள்ளதை அழித்துவிட்டு, எஃப்3ரைட் ஓட்டினால் டிரைவ் நிறையச் சோதனைத் தரவை எழுதும். எஃப்3ரீட் அதைத் திரும்பப் படித்து, எவ்வளவு தேறியது, எவ்வளவு தொலைந்தது என்று சொல்லும். பெரிய அளவு காட்டுவதால் ஒரு நாளுக்கு மேலும் ஓடலாம். ஓடட்டும். கடைசியில் திரையில் வரும் கணக்கைப் படம் பிடித்து, விற்ற கடைக்கு அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். திருப்பி அனுப்பும் கெடு தாண்டுவதற்குள் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.